சிவகாசியில் பத்திரிகை அடித்த கடை: தலைப்புக்கு ஒரு சொல் தேடிய கதை

தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தது சிவகாசியில். 600 பத்திரிகை, அட்டையும் கவரும் சேர்ந்து ஒன்று 21 ரூபாய், அச்சுக்கூலி தனியாக 3,800, ஆக மொத்தம் 16,400 ரூபாய். அச்சுத் தரத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மேட்டர், அதாவது பத்திரிகையில் வரும் வாசகம், பார்த்துக் கொடுத்ததற்கு ஐந்துக்கு ஐந்து, அதற்கு மேல் இருந்தால் அதுவும். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் கையில் இருக்கிற வேலையே முடியவில்லையாம், மேற்கொண்டு ஆள் வந்தால் அவசரத்தில் தப்பு வரும் என்கிறார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். அங்கே நடந்ததைப் படித்துவிட்டுப் போனால் நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு அச்சகத்துக்குப் போனோம். நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு மேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர், தேதி, மண்டபம் மூன்றையும் சொல்லுங்கள் என்றார்கள். மேலே "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" என்று முன்னமே இருந்தது. அதை மாற்ற முடியுமா என்று தங்கச்சி கேட்டாள். "எல்லாருக்கும் இதாம்மா போடுறோம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேச்சு போகவில்லை, பஸ் ஏறிவிட்டோம்.

அவள் மாற்றச் சொன்னதற்குக் காரணம் எங்கள் அம்மாச்சியின் பத்திரிகை. 1964-இல் அம்மாச்சிக்கும் தாத்தாவுக்கும் நடந்தது சுயமரியாதைத் திருமணம். பழுப்பேறிய ஒற்றைத் தாள், மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டது. அதில் தலைப்பு "வாழ்க்கை ஒப்பந்த விழா". கல்யாணம் என்றோ விவாகம் என்றோ ஒரு இடத்தில்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் இது பெரிய ஆச்சரியமும் இல்லை, பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் 1928-இல் நடந்த சுக்கிலநத்தம் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்தான்.

அந்தத் தாளுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், எது செய்தாலும் செல்லும் என்றது. முன்னால் நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. அம்மா பிறந்தது 1966. ஆக, கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகுதான் அம்மாச்சியின் கல்யாணத்தைச் சட்டம் ஒத்துக்கொண்டது. இடைப்பட்ட அந்த வருடங்களில் அவர்கள் கையில் இருந்தது இந்த ஒற்றைத் தாளும் வந்து உட்கார்ந்து பார்த்த சனங்களும்தான்.

சிவகாசிக் கடை சின்னது. வாசலில் ஷோகேஸ் கிடையாது, உள்ளே சுவர் முழுக்க மாடல் அட்டைகள், மேசையில் தடிதடியாக ஆல்பங்கள். மாடல் தேர்ந்தெடுக்கவே எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கடைக்கார அண்ணாச்சி முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். 300 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) அட்டைக்கும் அதற்குக் குறைந்ததற்கும் வித்தியாசம் என்ன, ஃபாயில் என்கிற பளபளப்புத் தாள் வைத்தால் எங்கே உரியும், ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் எந்த அளவுக்குக் கீழே போனால் தமிழ் எழுத்தின் சுழி அடைத்துக்கொள்ளும் என்று விலையோடு சேர்த்துச் சொன்னார். கடைசி விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் நிறைய இருக்கிறது என்று எழுத்தைச் சிறிதாக்கினால் "ணை", "ழு" எல்லாம் மை ரொம்பிப் பொட்டாகிவிடும். பெயர்களைக் குறையுங்கள், இல்லையென்றால் உள்தாள் ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.

அப்புறம் "மேட்டர் எழுதிட்டு வந்தீங்களா?" என்று கேட்டு, உள்ளறையில் இருந்த பெரியவரிடம் அனுப்பினார். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்து ஆள், இப்போது மேட்டர் பார்ப்பதும் ப்ரூஃப் திருத்துவதும் அவர் வேலை. தங்கச்சி எடுத்த எடுப்பில் "ஐயா, விவாகம்னு போட வேண்டாம், வேற சொல் வேணும்" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உக்காரும்மா. கல்யாணத்துல என்ன செய்யப் போறீங்க, அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன மாடல், எத்தனை கலர் என்று எல்லோரும் கேட்பார்கள். இவர் என்ன நடக்கப் போகிறது என்று கேட்டார், அதற்கேற்ற சொல்லைத் தேடினார்.

அம்மாச்சியின் பத்திரிகையை எடுத்து நீட்டினோம். கையில் வாங்கியதும் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து, எழுத்து பதிந்த பள்ளத்தை விரலால் தடவினார். அந்தக் காலத்தில் "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" என்பது ஒவ்வொரு அச்சகத்திலும் பிளாக்காகவே, அதாவது முழுத் தலைப்பும் ஒரே அச்சாக, தயாராகக் கிடக்குமாம், எடுத்து வைத்துப் பூட்டினால் முடிந்தது. "வாழ்க்கை ஒப்பந்த விழா" என்று யாராவது கேட்டால் ஒவ்வொரு எழுத்தாகக் கோக்க வேண்டும். "கூலி ஒண்ணுதான். ஆனா இதைக் கோத்தது நல்லா ஞாபகம் இருக்கும்" என்றார்.

தங்கச்சிக்கு அதே சொல்லைப் போடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. வீட்டிலேயே இதைப் பற்றி இரண்டு வாரம் பேசியாயிற்று. அவள் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் நர்ஸ். ஒப்பந்தம் என்றால் அவளுக்கு ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பார்களா என்று காத்திருப்பது, நிரந்தரம் ஆகாதது, ஒரு கடிதத்தில் முடிந்துபோவது. "என் வேலையும் ஒப்பந்தம், என் கல்யாணமும் ஒப்பந்தமா?" என்று அம்மாச்சியிடமே கேட்டுவிட்டாள். அம்மாச்சிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கு அந்தச் சொல்லில் கேட்பது ஒப்பு. ஒப்பு என்றால் சம்மதம், ஒப்பு என்றால் சமம். "எங்கக்காளுக்குக் கல்யாணம் பண்ணும்போது அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலடி. தாரை வார்த்துக் குடுத்தாங்க. எனக்கு மைக் முன்னால நிப்பாட்டி, நீ ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கிட்டேன். அதான் ஒப்பந்தம்" என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. அறுபது வருடத்தில் சொல்லுக்கு நேர்ந்த மாற்றம் இது. கன்னிகாதானம் என்று பெண்ணைத் தானப் பொருளாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒப்பந்தம் என்றதும் இரண்டு தரப்பு சமமாக நிற்பது தெரிந்திருக்கும். இன்றைக்கு ஒப்பந்தம் என்றால் சாலை போடுகிற காண்டிராக்டும், ஒப்பந்த ஊழியரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆயுளுக்கும் என்று சொல்ல வந்த சொல், காலம் முடிந்தால் வெளியே போ என்று சொல்லும் சொல்லாகிவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பெரியவர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு ஆல்பத்தை எடுத்தார். மாடல் ஆல்பம் இல்லை, கடையில் அடித்த பத்திரிகைகளில் ஒவ்வொன்று ஒட்டி வைத்தது. எங்களுக்கு முன்னால் விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நிக்காஹ் பத்திரிகைகள் ஒரு கட்டு. "இதுவும் ஒப்பந்தந்தாம்மா. மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்கிற மஹர் பேசி, ரெண்டு பக்கமும் சம்மதம் சொல்லி, கையெழுத்துப் போடுறாங்க. அதுக்காக யாரும் கொஞ்ச நாளைக்குன்னு நெனச்சுப் போடல" என்றார். அடுத்தது தேவாலயத் திருமணங்கள். சிஎஸ்ஐ சபைக்காரர்கள் "மெய்விவாகம்" என்று போடுகிறார்கள், அந்த "மெய்" எனக்கு மிகவும் பிடித்தது. கத்தோலிக்கப் பத்திரிகையைக் காட்டும்போது, கோயிலில் வாக்குக் கொடுக்கையில் அவர்கள் சொல்கிற "பிரமாணிக்கம்" என்ற சொல்லைச் சொன்னார். இன்பத்திலும் துன்பத்திலும் வாழ்நாளெல்லாம் மாறாமல் இருப்பேன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஒற்றைச் சொல் அது. சர்ச்சுக்கு வெளியே நான் அதை அநேகமாகக் கேட்டதே இல்லை, கூடப் படித்த அந்தோணியார் கோயில் தெருப் பையன்களின் அம்மாக்கள் சொல்லித்தான் காதில் விழுந்திருக்கிறது.

பழைய தமிழில் சொல் எடுக்கலாமா என்று நான் கேட்டேன். அவருக்கு அதில் ருசி அதிகம். "வதுவை" என்று சிலர் இப்போதும் போடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வருகிற நூறு பேரில் எண்பது பேர் என்னவென்று கேட்பார்கள். "வரைவு" என்றால் சங்கப் பாட்டில் திருமணம், இன்றைக்கு வரைவு வாக்காளர் பட்டியல். "பிணை" இன்னும் மோசம். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிற இடத்தில் வருகிற சொல் அது, கொண்டவன் விரும்பிப் பேணும் துணையாக இரு என்கிற அர்த்தத்தில். இன்றைக்குப் பிணை என்றால் கோர்ட்டில் ஜாமீன். கல்யாணச் சொல் எப்படியெல்லாம் ஊர் சுற்றிவிட்டு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். "கல்யாணம்" என்கிற சொல்லுக்கே முதலில் நல்லது, மங்கலம் என்றுதான் பொருள். சேர்ந்து வாழ்வது அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, "வாழ்க்கைத் துணை" என்று போடலாமே என்றேன். திருக்குறளில் ஆறாவது அதிகாரமே வாழ்க்கைத் துணைநலம். தங்கச்சி உடனே மறுத்தாள். அந்த அதிகாரம் மனைவியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்தது. துணை இயக்குநர், இணை இயக்குநர் என்கிற பதவிப் பெயர்களைச் சுற்றறிக்கையில் தினமும் பார்க்கிறாள். துணை என்றால் கீழே ஒரு படி, இணை என்றால் பக்கத்தில். "எனக்குப் பக்கத்துல இருக்கிற சொல் வேணும் ஐயா" என்றாள். பெரியவர் துணைக்காகக் கொஞ்சம் வாதாடினார். "பத்திரிகை உச்சியில முருகன் துணைன்னு போடுறோம். முருகன் நமக்குக் கீழயா இருக்காரு?" அது நியாயம்தான், எனக்கும் துணை என்ற சொல்மேல் மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தில் மாலை போடப் போகிறவள் அவள்.

கடைசியில் நின்றது "வாழ்க்கை இணையேற்பு விழா". இது பெரியவர் கண்டுபிடித்த சொல் இல்லை, சுயமரியாதைத் திருமணம் நடத்துகிறவர்கள் ஒப்பந்தத்துக்குப் பிறகு பயன்படுத்தி வருகிற சொல். அதில் அவர் காட்டிய ஒரு நுணுக்கம்தான் தங்கச்சியை முடிவெடுக்க வைத்தது. கட்டுவது ஒருவன், கொடுப்பது ஒருவர், வாங்குவது ஒருவர் என்று பழைய தொடர்களில் எல்லாம் வேலை ஒருவருக்கு, நடப்பது இன்னொருவருக்கு. ஏற்பது மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்ய முடிகிற வேலை. 7ஏ பிரிவில் இருவரும் சொல்ல வேண்டியதும் அதையேதான், ஏற்கிறேன் என்று. அம்மாச்சிக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னோம். "ஒத்துக்கிறதுக்கும் ஏத்துக்கிறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம், போடு போடு" என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு கேள்வி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு அத்தை முறை, "இதைப் பாத்தா தாலி உண்டா இல்லையான்னே தெரியலையேப்பா, எங்க சொந்தக்காரங்க கேப்பாங்களே" என்றார். தவறாகக் கேட்கவில்லை, பத்திரிகை என்பது இரண்டு வீட்டுச் சனத்துக்கும் போகிற காகிதம். தாலி கட்டுவது என்று இரு வீட்டிலும் முன்னமே பேசி முடித்ததுதான். பெரியவர் போனிலேயே யோசித்து, "மாலை மாற்றி, மங்கலநாண் பூட்டி" என்று ஒரு வரியைச் சொன்னார். அத்தைக்கு மனது நிறைந்துவிட்டது, தங்கச்சிக்கும் ஒன்றும் குறையவில்லை. கவரின் மேல் எல்லோருக்கும் புரிகிற மாதிரி "திருமண அழைப்பிதழ்", உள்ளே திறந்தால் "வாழ்க்கை இணையேற்பு விழா". இந்த ஏற்பாடும் அவர் சொன்னதுதான்.

இன்னும் சில திருத்தங்கள் செய்தார். "திருவளர்ச்செல்வி" என்று நான் எழுதியிருந்ததில் ச்-ஐ அடித்தார். திரு வளர்கிற செல்வி, வினைத்தொகை, ஒற்று மிகாது. கடைசிப் பிள்ளை என்பதால் எங்கள் வழக்கப்படி "திருநிறைசெல்வி" என்று மாற்றினார், அங்கேயும் ஒற்று கிடையாது. "வாழ்த்துக்கள்" என்பதை "வாழ்த்துகள்" ஆக்கினார். அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இனிஷியலோடு போடச் சொன்னார். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகையும் ஒரு ஆதாரம். வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் பத்திரிகையில் போட்டுவிட்டு அங்கே போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறாராம். எங்களுக்குப் பதிவு ஒரே நாளில் முடிந்தது. செல்லப்பெயர் போட ஆசையிருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், பதிவுப் பெயரை விட்டுவிடாதீர்கள்.

இனி குறைகள். கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து அமைக்கிற (டிடிபி) பையன் வேகமானவன், கவனம் போதாது. வாட்ஸ்அப்பில் வந்த முதல் ப்ரூஃபில் "இனையேற்பு" என்று இருந்தது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, அப்பா "ஓகே" என்று பதில்கூட போட்டுவிட்டார். பிளேட் போடுவதற்கு முன்னால் பெரியவர் பார்த்து நிறுத்தியிருக்கிறார். இனைதல் என்றால் வருந்துதல், அழுதல். ஒரு சுழி குறைந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆயுளுக்கும் அழுகையை ஏற்றுக்கொள்வதாக 600 பேருக்குச் சொல்லியிருப்போம். அவர் போன் செய்து, "மூணு சுழியாம்மா, நல்லாப் பாத்துச் சொல்லு" என்று தங்கச்சியிடம் உறுதி வாங்கிய பிறகுதான் அச்சுக்கு விட்டார். தயவுசெய்து ப்ரூஃபைப் போன் திரையில் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் ஒருவர் படிக்க ஒருவர் கேட்கச் சரிபாருங்கள்.

சொன்ன நாளைவிட இரண்டு நாள் தாமதமாகத்தான் கட்டு வந்தது. கவர் பசை சரியில்லை, கால்வாசிக் கவர்கள் வாய் மூடவில்லை, நாங்கள் உட்கார்ந்து பசை தடவினோம். தங்க ஃபாயில் வைத்த பூ ஓரத்தில் கொஞ்சம் உரிகிறது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும்போது கை பட்டால் கூடவே வந்துவிடுகிறது. பத்திருபது பத்திரிகைகளில் உள்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன், சாக்குச் சொல்லாமல் 25 பத்திரிகை சும்மா அடித்து அடுத்த பஸ்ஸில் போட்டுவிட்டார். முன்பணம் பாதி கேட்கிறார்கள். கார்டு வாங்குவதில்லை, ஜிபே உண்டு. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை பெரியவர் இருக்க மாட்டார், மேட்டர் பேச நாங்கள் காலையிலேயே போக வேண்டியிருந்தது.

மண்டபத்தில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மூன்று பேர் அப்பாவிடம் வந்து இணையேற்பு என்றால் என்ன என்று கேட்டார்கள். அப்பா விளக்க ஆரம்பிப்பதற்குள் மேடையில் தங்கச்சி மைக்கை வாங்கி "ஏற்கிறேன்" என்று சொல்லிவிட்டாள், மாப்பிள்ளையும் சொன்னார். அம்மாச்சி முதல் வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் மீதிக் கணக்கு முடிக்கப் போனபோது பெரியவர் அந்த ஆல்பத்தைக் காட்டினார். எங்கள் பத்திரிகையை நிக்காஹ் கட்டுக்கும் மெய்விவாகத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறார். அம்மாச்சியின் பத்திரிகையை ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி, அதற்கு எதிர்ப்பக்கத்தில். பெயர் தெரியாமலே நீங்கள் எப்படியோ அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் மாடல் ஆல்பத்தோடு எழுந்து வந்துவிடாமல் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உள்ளறை மேசையில் இடதுபக்கம் நீல அட்டை போட்டது.